இசை நாடகம் காணும் இன்பம்



இப்பொழுது நான் பேசுகிறேன், நீங்கள் கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் முகங்களை நான் காணவில்லை. என் பேச்சில் எந்த இடத்தில் நீங்கள் புன்னகை செய்கிறீர்கள், எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் நடுவிலே எழுந்து போய்விட்டாலும் நான் பேசிக்கொண்டே இருப்பேன். வானொலியின் குறை இது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கலையில் இந்தக் குறை சிறிதும் இல்லை. அங்கே பாடுகிறவர் கேட்கிறவரைக் காண்கிறார். கேட்கிறவர் பாடுகிறவரைக் காண்கிறார். ஒருவர் முகத்தில் தோன்றும் மாறுதல் மற்றவர் குரலை மாற்றுகிறது. அந்தக் கலைதான் இசை நாடகம்.

உங்களில் பலர் அதை நேரில் கண்டிருக்க மாட்டீர்கள். தாத்தாவும் பாட்டியும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். திருவிழாச் சுவரொட்டியில் 'வள்ளி திருமணம்' என்ற பெயரைப் பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்பீர்கள். தெரிந்த கதை, பழைய பாட்டு, விடிய விடிய நடப்பது, நமக்கு எதற்கு என்று எண்ணியிருப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எப்படி மாறிற்று என்பதையும் இன்று சொல்லப் போகிறேன்.

தமிழை இயல், இசை, நாடகம் என்று மூன்றாகப் பகுத்தனர் நம் முன்னோர். பள்ளியிலே நாம் பெரும்பாலும் இயலைப் படிக்கிறோம். இசையைச் சிலர் தனியே பயில்கிறார்கள். நாடகமோ ஆண்டு விழாவின் ஒரு மாலைப் பொழுதோடு நின்றுவிடுகிறது. இம்மூன்றும் பிரிவின்றிக் கலந்து நிற்கும் இடம் இசை நாடக மேடை. அங்கே வசனம் பேசிக்கொண்டு வருகிறவர் உணர்ச்சி மிகும் இடத்தில் பாட்டுக்குப் போகிறார். பாட்டு முடிந்ததும் மீண்டும் பேச்சுக்கு வருகிறார். பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது.

அரங்கின் பெருமையை அறிய வேண்டுமானால் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்துப் பாருங்கள். மாதவி ஆடிய அரங்கின் அளவுகளை இளங்கோவடிகள் கூறுகிறார். 24 விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். இவற்றையெல்லாம் சொல்லி வரும்போது அடிகள் இன்னொன்றையும் சொல்கிறார். தூண்களின் நிழல் அரங்கின்மேல் விழாது புறத்தே போகும்படி விளக்குகளை நிறுத்தினார்களாம். யாருக்காக இந்தக் கவலை? ஆடுகிறவளின் முகம் காண்கிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அல்லவா? அரங்கம் அமைத்தவர்கள் அன்றே பார்வையாளரையும் கலையின் ஓர் உறுப்பாக எண்ணியிருக்கிறார்கள். இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால் இசை நாடகத்தின் இன்பம் முழுவதும் நமக்கு விளங்கிவிடும்.

இன்று நாம் காணும் இசை நாடகத்திற்கு உருக்கொடுத்த பெரியார் சங்கரதாஸ் சுவாமிகள். 1867ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அருகில் உள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்ற புலவர். நடிகராக மேடையேறி, பின்னர் ஆசிரியராக அமர்ந்து, எத்தனையோ நாடகங்களை எழுதிப் பயிற்றுவித்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அவர் நாடகங்களின் பெயர்களைச் சொன்னாலே தென்பாண்டி நாட்டுக் கிழவர்களின் முகம் மலரும். கருநாடக இசையின் இராகங்களையும், அக்காலத்தில் ஊர் ஊராக வந்த பார்ஸி நாடகக் குழுக்களின் மெட்டுகளையும், நம் கிராமத்துச் சிந்துகளையும் கும்மிகளையும் அவர் ஒரே மேடையில் கொண்டுவந்து சேர்த்தார். வித்துவானும் கேட்கலாம்; ஏர் பிடிக்கிறவரும் கேட்கலாம்.

1918ஆம் ஆண்டு மதுரையில் அவர் சிறுவர்களைக் கொண்டு 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்ற நாடக சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஒளவை சண்முகம் எனப் புகழ்பெற்ற தி. க. சண்முகமும் அவர் சகோதரர்களும் அங்கே பயின்றவர்களே. 'அபிமன்யு சுந்தரி' என்ற நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதைச் சண்முகம் தம் நினைவுகளில் வியப்போடு பதிந்திருக்கிறார். விடியும்போது வசனமும் பாட்டுமாக முழு நாடகமும் ஏட்டில் இருந்ததாம். சுவாமிகள் 1922ஆம் ஆண்டு புதுச்சேரியில் மறைந்தார். ஒரு நூற்றாண்டு கழிந்த பின்பும் அவர் நாடகங்கள் திருவிழாக்களில் நடந்து வருகின்றன. அச்சுப் புத்தகம் மட்டும் அவற்றைக் காப்பாற்றிவிடவில்லை. வாத்தியார் மாணவனுக்குச் சொல்ல, மாணவன் மேடையில் பாட, கேட்டவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள, இவ்வாறுதான் அவை உயிரோடு இருந்து வருகின்றன.

இப்பொழுது என்னோடு ஒரு நாடக இரவுக்கு வாருங்கள். பங்குனியிலிருந்து வைகாசிக்குள் ஒரு நாள். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், திண்டுக்கல் வட்டாரங்களில் ஏதேனும் ஒரு சிற்றூர். அம்மன் கோயில் திருவிழா. கோயிலுக்கு எதிரே திடலில் மேடை. பாயும் சாக்கும் கொண்டுவந்து இடம் பிடித்தாயிற்று. பெண்கள் ஒருபுறம், ஆண்கள் ஒருபுறம். குழந்தைகள் எல்லோருக்கும் முன்னே மேடையை ஒட்டி. இரவு 10 மணி ஆகிறது.

முதலில் கேட்பது ஆர்மோனியம். அந்த ஒலி எழுந்தவுடன் திடலில் இரைச்சல் அடங்குகிறது. பிறகு மிருதங்கம். பபூன் வருகிறார், சிரிக்க வைக்கிறார், நடனக்காரியோடு வாதாடுகிறார். இவையெல்லாம் அவையைப் பதப்படுத்தும் வேலை. உழவன் விதைக்கு முன்னே மண்ணைப் பதப்படுத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழுகிறது. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வருகிறது. விருத்தமாகத் தொடங்கி, மெல்ல மேலே ஏறி, உச்சியில் நின்று நிலைக்கிறது. தூங்கி வழிந்த கிழவர் நிமிர்ந்து உட்காருகிறார். ராஜபார்ட் வந்துவிட்டார்! முகத்தைக் காணும் முன்னே குரலைக் கேட்பித்து, ஆவலை வளர்த்து, பிறகு திரை விலக்கி வரும் அந்த வருகை இருக்கிறதே, அதற்கு ஈடு வேறொன்றில்லை.

இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று மக்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன் தெரியுமா? நிலையான ஒரு கம்பெனியின் நாடகம் அன்று இது. ஒவ்வொரு நடிகரையும் அந்த ஓர் இரவுக்கெனத் தனித்தனியே பேசி அழைத்து வருகிறார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். சில வேளைகளில் முருகனாக நடிப்பவரும் வள்ளியாக நடிப்பவரும் அன்று மாலைதான் ஒருவரை ஒருவர் முதன்முதலாகக் காண்பார்கள். ஒத்திகை என்பது கிடையாது. அப்படியிருந்தும் நாடகம் தடுமாறாமல் நடக்கிறது. எல்லோரும் கற்றது ஒரே சுவாமிகளின் நாடகம். யார் எந்தப் பாட்டைப் பாடினால் எந்தப் பாட்டு விடையாக வர வேண்டும் என்பது அனைவருக்கும் தெரியும். பிறந்த ஊர் வேறாயினும் குலதெய்வம் ஒன்றாக உள்ளவர்கள் கோயிலில் கூடுவதைப் போன்றது இது.

ஆனால் தெரிந்த பாதையில் தெரியாத திருப்பங்களும் உண்டு. வள்ளி திருமணத்தில் முருகனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேடனாக வந்த முருகன் கேள்வி கேட்கிறான். தினைப்புனம் காக்கும் வள்ளி மடக்குகிறாள். அந்தக் கேள்விகள் எல்லாம் ஏட்டில் உள்ளவை அல்ல. அன்றன்று எழுபவை. இலக்கணத்திலிருந்து ஒன்று, புராணத்திலிருந்து ஒன்று, உலக வழக்கிலிருந்து ஒன்று என வந்துகொண்டே இருக்கும். எதிரில் நிற்பவர் என்ன கேட்பார் என்று தெரியாது. உடனே விடை சொல்ல வேண்டும். சொல்லும் விடையைப் பாட்டாகவும் மாற்ற வேண்டும். முருகன் வள்ளியை மணப்பான் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இரவில் வள்ளி எப்படி விடை சொல்லப் போகிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. கதையின் முடிவை அறிந்திருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அந்த இன்பத்தின் இரகசியம் இதுதான்.

நான் இதை உணர்ந்தது என் பதினேழாம் வயதில். கல்லூரியின் முதல் ஆண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா வற்புறுத்தி அழைத்ததனால் நாடகத்திற்குச் சென்றேன். அரைமணி நேரம் ஆயிற்று. எனக்குச் சலிப்பு. வள்ளியாக நடித்தவரின் குரல் மேல் சுரங்களில் உடைந்து உடைந்து ஒலித்தது. "பாடத் தெரியாதவர்களை எல்லாம் கூட்டி வருகிறார்களே" என்றேன். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, அந்தப் பிள்ளை நாலு இரவாகத் தூங்காமல் நாலு ஊரில் பாடிவிட்டு வந்திருக்கிறது. நீ அவரையே பார்க்காதே. ஆர்மோனியக்காரர் கையைப் பார்" என்றார்.

பார்த்தேன். அந்த அம்மையார் மேலே ஏற வேண்டிய இடங்களில் ஆர்மோனியக்காரர் தாமே முந்திக்கொண்டு ஏறினார். துருத்தியை அழுத்தி ஒலியைப் பெருக்கி, உடையும் குரலை அதற்குள் மறைத்தார். அந்தப் பாட்டு முடிந்ததும் சுருதியை ஒரு கட்டை இறக்கி வைத்தார். கட்டை என்பது என்ன என்று கேட்பீர்கள். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தான் ஒருவரின் சுருதியை ஒன்று, இரண்டு, ஐந்து கட்டை என்று சொல்வது வழக்கம். சுருதி இறங்கியதனால் வள்ளிக்குப் பாடுவது எளிதாயிற்று. ஆனால் முருகனாக நின்றவருக்கோ அது நட்டம். உச்சத்தில் நின்று கைதட்டல் வாங்க வேண்டிய குரல் அவருடையது. அவர் ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். ஆர்மோனியக்காரர் இலேசாகத் தலையசைத்தார். அவ்வளவுதான். முருகன் தம் குரலை அடக்கி, அந்தத் தாழ்ந்த சுருதியிலேயே குழைந்து பாடத் தொடங்கினார். தர்க்கத்திலே இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாதவர் போல் நின்று, வள்ளிக்கு வெற்றியையும் விட்டுக்கொடுத்தார்.

அதைவிட வியப்பு ஒன்று. அவைக்கும் இது தெரிந்திருந்தது! யாரும் கூச்சலிடவில்லை. நடுவிலே ஒரு பாட்டி பேரனிடம் செம்பு ஒன்றைக் கொடுத்து மேடைக்கு அனுப்பினார். பனங்கற்கண்டு போட்ட சூடான பால். வள்ளி அதைப் பக்கத்தில் திரும்பி நின்று பருகிவிட்டு, அந்தப் பாட்டி இருந்த திசையை நோக்கிக் கைகூப்பினார். தினைப்புனமும் அப்படியே இருந்தது. முருகனும் அப்படியே நின்றான். கதை சிறிதும் கலையவில்லை. பொழுது விடியும் வேளையில் மாலை மாற்றும் காட்சியில் அவர் பாடியபோது, குரல் தெளிந்திருந்ததா, நான்தான் தெளிந்திருந்தேனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று மேடையில் நடந்தது ஒன்றன்று, இரண்டு நாடகங்கள். ஒன்று வள்ளி திருமணம். மற்றொன்று, களைத்துப்போன ஒரு தோழியை மூன்று கலைஞர்களும் ஓர் ஊரும் சேர்ந்து விடியும்வரை தாங்கிக்கொண்டு வந்த நாடகம்.

ஆர்மோனியத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1940ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி ஆர்மோனியத்திற்குத் தடை விதித்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. வானொலியின் முன் அமர்ந்து இதைச் சொல்வதில் எனக்குச் சிறிது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. தடைக்குச் சொன்ன காரணம் பொருளற்றது அன்று. ஆர்மோனியத்தில் சுரங்கள் கட்டைகளோடு கட்டுண்டு கிடக்கின்றன. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு வழுவி அசையும் கமகம் அதில் வராது. உண்மை. ஆனால் நாடக மேடையில் ஆர்மோனியத்தின் வேலை அது மட்டும் அன்று. பாத்திரத்தின் வருகையை அறிவிப்பது அது. பபூனின் சிரிப்புக்குப் பக்கமேளம் அது. மறந்த அடியை நினைவூட்டுவதும், சோர்ந்த குரலுக்குத் தோள் கொடுப்பதும் அதுவே. தனியே கேட்டால் குறையாகத் தோன்றுவது, இருக்க வேண்டிய இடத்திலே கேட்டால் நிறைவாகிவிடுகிறது. நேரில் சென்று காண வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"பழைய பாட்டுகள் எல்லாம் பதிவாகியிருக்கின்றனவே, வீட்டில் இருந்தபடியே கேட்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றைக் கேட்டு இன்றும் வியக்கிறோம். ஆனால் அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம்தான் ஓடும். அந்த 3 நிமிடத்திற்குள் அடங்குமாறு பாடிய பாட்டு அது. மேடையிலோ, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசையில் நிற்பவருக்கும் எட்டும்படி அவர் பாடினார். அவை மீண்டும் கேட்டால் மீண்டும் பாடினார். கேட்பவரின் ஆவல் எவ்வளவு தூரம் இழுத்ததோ அவ்வளவு தூரம் அந்தப் பாட்டு சென்றது. இசைத்தட்டு நமக்குக் குரலைத் தந்தது. அந்த இரவைத் தர அதனால் இயலவில்லை. இன்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். எடுத்துக்கொண்டு போகலாம் என்ற நினைவிலேயே இருப்பவர், எதிரே நடப்பதை இழந்துவிடுகிறார்.

கிட்டப்பாவும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது 1926ஆம் ஆண்டு கொழும்பு நகரில். ஈழத்துத் தமிழர்களின் கைதட்டலில் தொடங்கிய இணை அது. மறுவருடம் திருமணம் செய்துகொண்டனர். 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், தமது 27ஆம் வயதில், கிட்டப்பா மறைந்தார். அதன்பின் சுந்தராம்பாள் வெண்ணிற ஆடையே அணிந்தார். துறவியைப் போல் வாழ்ந்தார். 1951ஆம் ஆண்டு சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். மேடையில் பாடிய ஒரு பெண்ணுக்கு நாடு அளித்த பெருமை அது.

பார்வையாளர் கலையின் ஓர் உறுப்பு என்று சொன்னேன் அல்லவா? அதற்கு எல்லாவற்றிலும் சிறந்த சான்று தியாகி விசுவநாத தாஸின் வாழ்க்கை. சிவகாசியில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர். நாட்டு விடுதலைக்காகத் தம் குரலை ஒப்படைத்தவர். அவர் நடித்ததும் வள்ளி திருமணம் போன்ற புராண நாடகங்களே. தினைப்புனத்திலே பறவைகளை விரட்டும் காட்சி வரும். அங்கே வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு ஒன்று எழும். பாட்டிலே எங்கும் அரசாங்கத்தின் பெயர் இல்லை, கொக்குதான் இருக்கிறது. ஆனால் திடலில் இருந்த ஆயிரவர்க்கும் அந்தக் கொக்கு யார் என்பது தெரியும். காவலுக்கு வந்த போலீசாருக்கும் தெரியும். பாடுகிறவர் பாதியைப் பாடினார். மீதியைக் கேட்கிறவர்கள் தம் உள்ளத்தில் பாடி முடித்தார்கள். அந்த ஒற்றுமையைக் கண்டுதான் அரசாங்கம் அஞ்சியது. அவரைப் பல முறை சிறையில் அடைத்தது. வெளியே வந்ததும் மீண்டும் மேடையேறினார். 1940ஆம் ஆண்டின் கடைசி நாளன்று சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. கலைஞருக்கும் அவைக்கும் இடையே உள்ள உறவு எத்தகையது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

குறைகளே இல்லாத கலை என்று நான் சொல்ல வரவில்லை. பபூன் காட்சியில் சில வேளைகளில் வரம்பு மீறிய பேச்சு வருவது உண்மை. அதைக் காரணமாகக் காட்டி இக்கலையையே ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் விடை ஒன்றுதான். இந்தக் கலையில் பாதி நம் கையில் இருக்கிறது. சிரித்தால் அந்தப் பேச்சு வளரும். சிரிக்காவிட்டால் தானே வாடிவிடும். நல்ல தமிழுக்கும் நல்ல பாட்டுக்கும் மனம் மகிழ்ந்து கைதட்டுகிற அவை இருந்தால், மேடையில் அவையே பெருகும். படித்தவர்கள் ஒதுங்கிக்கொண்டு, மேடை தரம் குறைந்துவிட்டது என்று குறை கூறுவது, வயலுக்கு நீர் பாய்ச்சாமல் விளைச்சல் இல்லை என்று வருந்துவதைப் போன்றது.

என் பதினேழாம் வயதின் கதையை நான் முழுவதும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் மாணவர்களாகிய உங்களிடம் சொல்ல வேண்டும். நாடகம் முடிந்து விடிந்த பிறகு நான் பேருந்து நிற்கும் இடத்திற்குப் போனேன். இரவெல்லாம் வள்ளியாக நின்றவர் அரிதாரம் கலைத்து, கையில் ஒரு பெட்டியோடு, தனியே ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். என்னோடு நின்ற இளைஞர் சிலர் அவர் காதில் விழும்படி ஏளனமாக ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். இரவிலே அவர் மாலையோடு நின்றபோது கைகூப்பிய ஊர்தான் அது. நான் சிரிக்கவில்லை. ஆனால் அவர்களைத் தடுக்கவும் இல்லை. வாய் மூடி நின்றேன். அந்த மௌனம் இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னை உறுத்துகிறது.

சற்று நேரத்தில் பெரியப்பா அங்கே வந்தார். நேரே அந்த அம்மையாரிடம் சென்றார். "தொண்டை எப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்டார். "இன்றைக்கும் ஓர் ஊரில் நாடகம் இருக்கிறது, ஐயா. அதற்குள் சரியாகிவிடும்" என்றார் அவர். அவ்வளவுதான் அவர்கள் பேசியது. சிரித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் தலை குனிந்தார்கள். நாடகம் பார்ப்பது என்றால் என்ன என்பதை அன்று நான் தெரிந்துகொண்டேன். இரவிலே இரசித்துவிட்டு விடிந்ததும் மறந்துவிடுகிறவன் பாதி பார்வையாளனே. கூத்தாடி என்ற சொல்லை வசையாக வழங்கியது நம் சமுதாயம். விழாக் காலத்தில் இரவு தோறும் கண்விழித்து, மழைக்காலத்தில் அழைப்பின்றி வீட்டில் இருந்து, அந்த வசையையும் தாங்கிக்கொண்டுதான் இவர்கள் சுவாமிகளின் தமிழை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கடனை நாம் தீர்க்க வேண்டாமா?

ஆகவே, மாணவ நண்பர்களே, அடுத்த விழாக் காலத்தில் ஓர் இரவை இதற்காக ஒதுக்குங்கள். போகும் முன் கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பகலிலே சற்று உறங்கி எழுந்து செல்லுங்கள். ஆர்மோனியக்காரரின் கை தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். தெரிந்த இராகம் ஒன்று வந்தால் மகிழுங்கள்; தெரியாவிட்டால் அதனால் கேடில்லை, அருகில் இருக்கும் கிழவர் சொல்லித் தருவார். தர்க்கம் நடக்கும்போது யார் எதை எப்படி மடக்குகிறார் என்று உற்றுக் கேளுங்கள். உங்கள் வகுப்பில் படித்த இலக்கணமும் புராணமும் அங்கே காலும் கையும் முளைத்து நடப்பதைக் காண்பீர்கள். நன்றாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். நடுவிலே எழுந்து போய்விடாதீர்கள். விடியும் வேளையில் பாடும் பாட்டு, விடியும்வரை இருந்தவர்களுக்கே உரியது. நாடகம் முடிந்ததும் மேடையின் பின்புறம் சென்று அந்தக் கலைஞர்களிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

தொடக்கத்தில் ஒரு குறையைச் சொன்னேன். நான் பேசியது உங்களுக்குப் பிடித்ததா என்று எனக்குத் தெரியாது என்றேன். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழி இருக்கிறது. என்றாவது ஒரு சித்திரை இரவில், ஏதேனும் ஒரு சிற்றூரின் திடலில், திரைக்குப் பின்னாலிருந்து குரல் எழும்பும் நேரத்தில், பாய் விரித்து அமர்ந்திருக்கும் கூட்டத்தினிடையே நானும் இருப்பேன். அங்கே உங்கள் முகங்களைக் காண்பேன் என்று நம்புகிறேன்.